டெக்காலுக்கு முன் ஒரு பளபளப்புப் பூச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறைப் பொழுதுபோக்குகளைப் பற்றி வெளியான கட்டுரையில், பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்வதற்கென அரைப் பக்கம் ஒதுக்கியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் வீட்டு மாடியில் ஏழெட்டு மாணவர்களோடு உட்கார்ந்து இதே வேலையைச் செய்துவருகிறேன். அந்தக் கட்டுரையோடு கட்டம் கட்டி வெளியிட்டிருந்த செய்முறைக் குறிப்பில், வண்ணம் காய்ந்ததும் டெக்கால்களை, அதாவது சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படங்களை, தண்ணீரில் நனைத்து ஒட்டி, கடைசியில் வார்னிஷ் அடித்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த வரியில் ஒரு படி விடுபட்டுள்ளது. விடுமுறையில் ஆயிரம் ரூபாய்க்கும் மேல் கொடுத்துப் பெட்டி வாங்கிய பிள்ளைகள் அதை நம்பிச் செய்தால், பத்து நாள் உழைப்பு கடைசி அரை மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுத நேர்ந்தது.

கெட்டுப்போவது எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம் விமானப்படை முன்பு பயன்படுத்திய நேட் என்ற ஒற்றை இருக்கைப் போர் விமானத்தை, செக் நாட்டுத் தயாரிப்பான மாதிரிப் பெட்டி ஒன்றிலிருந்து, 72-இல் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருந்தாள். உண்மையான நேட்டின் இறக்கை விரிவே ஏறத்தாழ 6.7 மீட்டர்தான். ஆகையால் மாதிரியில் அது ஒன்பது சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கரும்பச்சை மேட் (பளபளப்பில்லாத) வண்ணத்தை அவள் மிக அழகாக அடித்திருந்தாள். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் ஆர்வம் தாங்காமல் டெக்கால்களையும் ஒட்டிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது, ஒவ்வொரு எண்ணைச் சுற்றியும் சாம்பல் பூத்தது போல ஒரு வெண்மை படர்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் மங்கலாகவும், விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி ரேக்கு ஒட்டியது போலவும் அது மின்னியது. வட்டச் சின்னத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இன்னொரு வட்டம் தெரிந்தது. தன் கை சரியில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் எந்தக் குறையும் இல்லை. டெக்காலுக்கு அடியில் இருந்த பரப்புதான் சரியில்லை.

அவள் ஏன் நேட்டைத் தேர்ந்தெடுத்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கோவைக்கு அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் 2020-இல் தேஜஸ் போர் விமானங்களைப் பெற்ற 18-ஆம் படைப்பிரிவு, 1965-இல் நேட் விமானங்களோடு தொடங்கப்பட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்பரப்பில் தனியாகப் போரிட்டு வீழ்ந்து, இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான நிர்மல்ஜித் சிங் சேகோன் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அவர் ஓட்டியது நேட். தலைக்கு மேல் தேஜஸ் பறக்கும் ஊரில் வளரும் ஒரு பெண் அந்த நேட்டைச் செய்து மேசை மேல் வைக்க விரும்புவது எவ்வளவு நல்ல விஷயம்! வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை என்ற அந்த வட்டச் சின்னமும் எண்களும் இல்லாவிட்டால், அது ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு விமானம். டெக்கால் ஒட்டிய பிறகே அதற்கு நாடும் ஆண்டும் கிடைக்கின்றன. இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் ஒரு வேலையை ஒரே வரியில் கடந்துபோனதுதான் என் மனக்குறை.

இனி அந்த வெண்மைக்கான காரணத்துக்கு வருகிறேன். நீரில் நழுவும் டெக்கால் என்பது, பசை பூசிய காகிதத்தின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தையும் அச்சு மையையும் அடுக்கிய ஒன்று. தண்ணீரில் நனைத்தால் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் அந்தப் பசை கரைந்து, படலம் மையோடு சேர்ந்து காகிதத்தை விட்டு நழுவும். மேட் வண்ணம் பளபளக்காமல் தெரிவதற்குக் காரணமே அதன் பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களாக இருப்பதுதான். அந்தப் பள்ளங்களின் அடிவரை படலம் இறங்குவதில்லை. மேடுகளின் உச்சியில் கூடாரத் துணி போல நின்றுவிடுகிறது. கீழே அடைபட்ட காற்று, படலத்தின் வழியே வரும் ஒளியை வண்ணம் வரை போகவிடாமல் வழியிலேயே சிதறடிக்கிறது. நம் கண்ணுக்கு அதுவே வெண்மையாகவும் வெள்ளியாகவும் தெரிகிறது. வகுப்பில் இதை விளக்க நான் பஜ்ஜி மடித்த காகிதத்தைத்தான் காட்டுவேன். எண்ணெய் படாத இடத்தில் காகிதத்தின் இழைகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் இறங்கிய இடத்தில் காற்று வெளியேறிவிடுவதால் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறது. டெக்காலுக்கு அடியிலும் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிட்டால் வெண்மை வராது. செய்முறை முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கிறது.

ஆகவே விடுபட்ட படி இதுதான்: வண்ணம் முழுமையாகக் காய்ந்த பின், டெக்கால் ஒட்டுவதற்கு முன், பளபளப்பான தெளிவு வார்னிஷ் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். காய்வது என்றால் விரலில் ஒட்டாமல் இருப்பது அன்று; அக்ரிலிக் வண்ணமானால் ஒரு முழு நாளும், எனாமல் வண்ணமானால் சில நாட்களும் பொறுக்க வேண்டும். வார்னிஷுக்கு ஜப்பானின் தாமியா நிறுவனத்தின் எக்ஸ்-22 நம் ஊரில் ஓரளவு கிடைக்கிறது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) இருந்தால் வார்னிஷை அதற்குரிய தின்னரில் கரைத்து, ஈரம் வழியாத அளவுக்கு மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். ஏர்பிரஷ் இல்லாத பிள்ளைகள், அகலமான மென்மையான தூரிகையால் விமானம் முழுவதும் பூசாமல் டெக்கால் வரும் இடங்களில் மட்டும் பூசினால்கூடப் பெரும்பகுதி வெண்மை தவிர்ந்துவிடும். மழை நாளிலும், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்று ஈரமாக இருக்கும் மாலைகளிலும் வார்னிஷ் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சில் படிந்து பால் போல வெளுத்துவிடும்.

பூச்சு போதுமா என்று எப்படி அறிவது? நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் சோதனை எளிமையானது. இறக்கையை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பிம்பத்தின் ஓரம் பஞ்சு போலக் கலைந்து தெரிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஓரம் தெளிவாகத் தெரிந்தால் பரப்பு தயார். அதன் பிறகும் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், தூசி படாமல் மூடி வைக்க வேண்டும். பொறுமை இழந்து இந்த இடத்தில் அவசரப்பட்டால், பிறகு தடவும் இளக்கும் கரைசல் வார்னிஷையே கெடுத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிப் பெட்டியோடு வரும் குறிப்புத் தாள்கள் எதுவும் பேசுவதில்லை, ஏனென்றால் அவற்றை எழுதுபவர்கள் போர்வெல் தண்ணீரைக் கண்டிருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டிய டெக்காலைச் சுற்றி, காய்ந்த பிறகு வெள்ளைக் கரை வட்டம் கட்டி நிற்கும். பலர் இதை டெக்காலின் வெளுப்பு என்று எண்ணிக் குழம்புகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினால் ஆண்டு முழுவதும் வரும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டினர் அதையே பயன்படுத்தலாம்.

தாளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு டெக்காலை மட்டும் வெட்ட வேண்டும். புது பிளேடால், அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டினால் மிஞ்சும் வெறும் படலம் குறையும். ஆனால் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் படலத்தை வெட்ட முயல வேண்டாம். அதற்குத்தான் பளபளப்புப் பூச்சு இருக்கிறது. இடுக்கியால் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து எடுத்து, ஓர் ஓட்டுத் துண்டின் மேலோ தட்டின் மேலோ வைத்துவிட வேண்டும். காகிதம் உறிஞ்சிய நீரே மீதி வேலையைச் செய்யும். கிண்ணத்திலேயே மிதக்க விட்டால் பசை முழுவதும் தண்ணீரோடு போய்விடும். ஒரு நிமிடம் கழித்துத் தூரிகையால் மெல்லத் தொட்டுப் பார்த்து, டெக்கால் காகிதத்தின் மேல் நகர்கிறதா என்று அறிய வேண்டும். நகர்ந்தால் காகிதத்தோடு சேர்த்தே விமானத்தின் அருகே கொண்டுபோய், ஈரப்படுத்திய இடத்தின் மேல் காகிதத்திலிருந்து நழுவ விட வேண்டும். தனியாகத் தூக்கினால் ஓரம் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால் பதறாமல் மறுபடி தண்ணீரில் விட்டு, இரண்டு தூரிகைகளால் பிரிக்கலாம்.

ஒட்டும் கரைசல்கள் இரண்டு வகை. அமெரிக்காவின் மைக்ரோ செட், ஜப்பானின் மிஸ்டர் மார்க் செட்டர் போன்றவை டெக்காலை வைப்பதற்கு முன் இடத்தில் தடவ வேண்டியவை. அவை பரப்பைச் சுத்தம் செய்து பிடிப்பைக் கூட்டுகின்றன. மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்றவை டெக்கால் உட்கார்ந்த பின் மேலே தடவ வேண்டியவை. அவை படலத்தை இளக்கி, தகட்டு இணைப்புக் கோடுகளுக்குள்ளும் ஆணித் தலைகளின் மேலும் வண்ணம் போலவே படிய வைக்கின்றன. இவை நம் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல். முதல் வகைக்கு மாற்றாகச் சமையலறை வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஓரளவுக்கு வேலை செய்கிறது. இரண்டாம் வகைக்கு அப்படி ஒரு வீட்டு மாற்று எனக்கு அமையவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கிப் பகிர்ந்துகொண்டால் போதும். ஒரு விமானத்துக்குச் சில துளிகளே செலவாகும்.

இளக்கும் கரைசலைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் அதைப் பயன்படுத்தியபோது, இறக்கையின் மேல் ஒட்டிய வட்டச் சின்னம் இரண்டு நிமிடத்தில் கொதிக்கும் பாலின் ஆடை போலச் சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக எழும்பியது. கெட்டுவிட்டது என்று பயந்து விரலால் நீவிவிட்டேன். படலம் அந்த நேரத்தில் கூழ் போல இளகியிருந்ததால் காவி வளையம் பாதி என் விரலோடு வந்துவிட்டது. அந்தத் தாளில் வேறு வட்டம் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தச் சுருக்கம் கரைசல் வேலை செய்வதன் அடையாளம் என்றும், தொடாமல் விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் தானாகவே தட்டையாகி இழுத்துக்கொண்டு படிந்திருக்கும் என்றும். இப்போது மாணவர்களிடம், சாஃப்டர் தடவியவுடன் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கரைசலைத் தடவுவதற்கு முன்பே, டெக்கால் சரியான இடத்தில் இருக்கும்போது, ஈரமான காட்டன் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டி நீரையும் காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும்.

காய்ந்த பிறகும் எங்காவது ஒரு குமிழ் தெரிந்தால், மெல்லிய ஊசி முனையால் இரண்டு மூன்று துளையிட்டு அதன் மேல் மறுபடி ஒரு துளி சாஃப்டர் விட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது உள்ளே இறங்கிக் காற்றைத் தள்ளிவிடும். தகட்டுக் கோட்டின் மேல் பாலம் போட்டது போலப் படலம் நின்றால், கோட்டின் வழியே பிளேடால் மெல்லக் கீறி அதையே செய்யலாம்.

நம் விமானப்படைச் சின்னத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் வெள்ளை வளையமும் காவி வளையமும் மெல்லிய மையில் அச்சாகியிருந்தால், அடியில் இருக்கும் கரும்பச்சை ஊடே தெரிந்து, வெள்ளை அழுக்காகவும் காவி செங்கல் நிறமாகவும் மாறிவிடும். தாளில் கூடுதலாக ஒரு வட்டம் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை ஒட்டலாம். இல்லாவிட்டால் வட்டம் வரப்போகும் இடத்தில், அதைவிட ஒரு மயிரிழை சிறியதாக வெள்ளை வண்ண வட்டம் ஒன்றை முன்கூட்டியே அடித்துவிடலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், இரட்டைப் படலத்தின் தடிமன் கண்ணை உறுத்துகிறது என்பதால். தடிமன் 0.02 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 72 மடங்கு பெரிதாக்கினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வருகிறது. உண்மையான விமானத்தில் சின்னத்தை வண்ணத்தால்தான் வரைகிறார்கள். அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஒட்டியது போல எதுவும் நிற்பதில்லை. 1965 போரில் பறந்த நேட்டுகள் போல வெள்ளி நிறத்தில் செய்ய விரும்புவோருக்குப் பரப்பு ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் காற்று அடைபடும் தொல்லை குறைவு. ஆனால் படலம் பட்ட இடத்தில் உலோக மினுமினுப்பு மங்கித் தெரியும் என்பதால் ஓரங்களை இன்னும் நெருக்கமாக வெட்ட வேண்டியிருக்கும்.

பழைய பெட்டிகளில் மஞ்சளடைந்த டெக்கால் தாளை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும். தேவைப்படாத ஓர் எண்ணை முதலில் நனைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுவதற்கும் தெளிவு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, காய்ந்த பின் பயன்படுத்தலாம். அப்போது ஒவ்வொரு டெக்காலையும் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எல்லாம் ஒட்டி ஓர் இரவு காய்ந்த பின், ஈரப் பஞ்சால் விமானத்தை மெல்லத் துடைத்து, டெக்காலைச் சுற்றிக் கசிந்து காய்ந்த பசையை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் சில மாதங்களில் அது பழுப்புக் கறையாகத் தெரியும். அதன் மேல் மறுபடி ஒரு பளபளப்புப் பூச்சு, அது காய்ந்த பின் மேட் வார்னிஷ். தங்கள் குறிப்பில் கடைசியாகச் சொன்ன வார்னிஷ் இதுதான். இந்த மேட் பூச்சு விமானம் முழுவதற்கும் ஒரே தன்மையைக் கொடுத்துவிடுவதால் படலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் அடியில் காற்று அடைபட்டிருந்தால் மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் அந்த வெண்மை போகாது, மாறாக நிரந்தரமாகிவிடும். "கடைசியில் வார்னிஷ் அடித்தால் சரியாகிவிடும்" என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கட்டுரையைப் படித்து இதற்குள் டெக்கால் ஒட்டி முடித்துவிட்ட வாசகர்களும் இருப்பார்கள். அவர்கள் இன்னும் மேட் வார்னிஷ் அடிக்கவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்தி வைக்கட்டும். வெண்மை தெரியும் இடங்களில் மிக மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, சாஃப்டர் தடவி, காயவிட்டு, மறுநாள் மீண்டும் தடவினால், மூன்று நான்கு முறையில் பெரும்பகுதி மறைந்துவிடும். அந்த மாணவியின் நேட்டை நாங்கள் அப்படித்தான் மீட்டோம். வலது இறக்கையின் வட்டம் மட்டும் மீளவில்லை. அதை செல்லோடேப் ஒட்டி உரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பளபளப்புப் பூச்சு அடித்துக் காயவைத்து, தாளில் மிஞ்சியிருந்த வட்டத்தை அவளே மறுபடி ஒட்டினாள். இந்தக் குறிப்புகளை, இடமிருந்தால் சுருக்கியாவது, விடுமுறை முடிவதற்குள் வரும் ஏதேனும் ஒரு ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.